கர்ப்பமா இருக்கும்போது டீ எவ்வளவு குடிக்கலாம்? அயர்ன் மாத்திரையும் போடறேன்

டீ_பைத்தியம்

ஹாய் ஃப்ரெண்ட்ஸ், எனக்கு நாலாவது மாசம் ஓடுது, முதல் குழந்தை. மசக்கை இருந்தப்போ டீ வாசனையே ஆகாது, வீட்ல யாராவது அடுப்புல டீ வச்சா நான் வெளிய ஓடிடுவேன். இப்போ வாந்தி நின்னதும் பழைய பாசம் திரும்பி வந்துருச்சு, அதுவும் டபுளா. ஒரு நாளைக்கு நாலு தடவை குடிக்கறேன், நல்லா கொதிக்க வச்ச ஸ்ட்ராங் பால் டீ, சில நாள் அஞ்சும் ஆகும்.

பிரச்சனை என்னன்னா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தங்க ஒரு சொட்டு கூட தொடாதங்கறாங்க, ஒருத்தங்க குழந்தை கறுப்பா பிறக்கும்ங்கறாங்க, இன்னொருத்தங்க கிரீன் டீக்கு மாறிடு அதுல ஒண்ணும் இல்லங்கறாங்க. நெட்ல தேடினா ஒரு இடத்துல 200 மில்லிகிராம் காஃபின் வரைக்கும் ஓகேன்னு இருக்கு, இன்னொரு இடத்துல 300ன்னு இருக்கு. சரி, அத வச்சு நான் என்ன பண்றது, என் கப்புல எத்தன மில்லிகிராம் இருக்குன்னு கப் மேல எழுதியா இருக்கு??

போன தடவை ரத்தம் டெஸ்ட் பண்ணதுல ஹீமோகுளோபின் 10.1ன்னு வந்துச்சு. அயர்ன், ஃபோலிக் ஆசிட், கால்சியம் எழுதி குடுத்துருக்காங்க. எல்லாத்தையும் காலைல சாப்பிட்டு முடிச்சதும் ஒண்ணா போட்டுடறேன், டீயோடதான், ஏன்னா தண்ணில போட்டா அந்த இரும்பு வாடை குமட்டுது, டீன்னா அமுங்கிடுது. இது ஓகேவா? டீய சுத்தமா விடணுமா? விட்டா எனக்கு பைத்தியமே பிடிச்சுடும், பேர பாத்தாலே தெரியும்ல 😅 அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மருந்துக்கடை_அக்கா

வாழ்த்துக்கள் மா. முதல்ல சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல, மருந்துக்கடைல வேலை பாக்கற ஃபார்மசிஸ்ட், அதனால நான் சொல்றத உங்க டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுக்கோங்க.

நீங்க கேட்டது காஃபின் பத்தி, ஆனா உங்க பதிவ படிச்சதும் என் கண்ணுல பட்டது கடைசி வரிதான். அயர்ன் மாத்திரைய டீயோட போடறது. அத இன்னைக்கே நிறுத்துங்க, மத்தத மெதுவா பேசலாம். டீல இருக்கற டானின் மாதிரியான பொருள்கள் இரும்போட ஒட்டிக்கும், ஒட்டிக்கிட்டா குடல் அத உறிஞ்சாது, அப்படியே வெளிய போயிடும். சாப்பாட்டோட ஒரு கப் டீ குடிச்சாலே தானியம் பருப்பு கீரைல இருந்து கிடைக்கற இரும்பு பாதிக்கும் மேல குறைஞ்சு போகலாம், மாத்திரைல இருக்கற இரும்புக்கும் இதே கதிதான். பால் ஊத்தினா சரியாயிடும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, ஆகாது, பால்ல இருக்கற கால்சியம் அது பங்குக்கு இரும்ப தடுக்கும். இதுல கால்சியம் மாத்திரையும் கூடவே சேர்ந்து போகுது. ஆக ஒரு அயர்ன் மாத்திரைக்கு எதிரா மூணு பேர் நிக்கறாங்க உங்க வயித்துல.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்கு கீழ போனா ரத்தசோகைன்னு எடுத்துக்குவாங்க, நடு மூணு மாசத்துல ரத்தத்துல நீர் கூடறதால 10.5 வரைக்கும் விட்டுப் பிடிப்பாங்க. உங்களுது 10.1, அதுக்கும் கீழதான், பயப்படற அளவு இல்ல ஆனா இப்பவே தூக்கி நிறுத்தணும், ஏன்னா பின்னாடி மாசங்கள்ல குழந்தை இன்னும் நிறைய இரும்ப இழுக்கும். கர்ப்பம் முழுக்க சேர்த்துப் பாத்தா சுமார் 1000 மில்லிகிராம் இரும்பு கூடுதலா வேணும் உடம்புக்கு. நிறைய பேர் மாசக்கணக்கா மாத்திரை போட்டும் ஏறலைன்னு ஊசி வரைக்கும் போறாங்க, எப்படி போடறீங்கன்னு கேட்டா டீயோடங்கறாங்க.

அயர்ன தனியா வெறும் தண்ணியோட, டீக்கு முன்னயும் பின்னயும் குறைஞ்சது ஒரு மணி நேரம் விட்டு போடுங்க, ரெண்டு மணி நேரம் விட்டா இன்னும் நல்லது. கூட வைட்டமின் சி இருக்கற பழம் எதாவது, இல்ல எலுமிச்சை பிழிஞ்ச தண்ணி, அது இரும்ப உள்ள இழுத்துவிடும், அந்த வாடையும் தெரியாது. வெறும் வயித்துல குமட்டினா ராத்திரி படுக்கப் போகும்போது போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. கால்சியத்த அயர்னோட சேர்க்காம நாளோட இன்னொரு மூலைக்கு தள்ளிடுங்க. மாத்திரை போட ஆரம்பிச்சா மோஷன் கறுப்பா போகும், அதுக்கு பயப்படாதீங்க.

காஃபின் பத்தி தனியா எழுதறேன், கடைல ஆள் வந்துட்டாங்க.

ரெண்டு_வாண்டுகள்

எனக்கும் இதே கதைதான் சிஸ், ரெண்டு பிரசவத்துலயும் டீய விடல, ஆனா குறைச்சேன். கப் கணக்கு சொல்றாங்கல்ல, ரெண்டு கப் மூணு கப்னு, அது சுத்த ஏமாத்து வேலைங்க. குழந்தைக்கு மருந்து ஊத்தற அளவு கப் இல்ல சமையல் அளவு கப் எதாவது இருந்தா எடுத்து உங்க மக்ல தண்ணி ஊத்தி பாருங்க. என்னோட மக் பாக்க சாதாரணமா இருக்கும், ஊத்தினா ஊத்திக்கிட்டே இருக்கேன், 340 மில்லி பிடிச்சுது! நான் ஒரு கப்னு சொன்னது நெட்ல போட்டுருக்கற கணக்குக்கு ஒண்ணரை கப். அப்புறம் அலமாரில இருந்த சின்ன கப்ப எடுத்து வச்சேன். அதே நாலு தடவை குடிச்சேன், அதே சுகம், அளவு பாதி. கைல கப் இருக்கணும் அவ்வளவுதான் நமக்கு, உள்ள எவ்வளவு இருக்குங்கறது மனசுக்கு தெரியாது.

இன்னொண்ணு, ஒரே நாள்ல நிறுத்தாதீங்க. ஸ்ட்ராங் டீ தினம் நாலஞ்சு குடிக்கறவங்க டக்குனு விட்டா மறுநாளே தலை பிளக்கும், எரிச்சல், சோர்வு, சில சமயம் ஒரு வாரம் வரைக்கும் இழுக்கும். கர்ப்பத்துல ஏற்கனவே தலைவலிக்கு கண்டத போட முடியாது. கொஞ்சம் கொஞ்சமா தூள குறைங்க.

கறுப்பா பிறக்கும்னு சொல்றவங்கள விடுங்க 🙄 நிறம் அப்பா அம்மா ஜீன்ல வர்றது, டீத்தூள்ல வர்றது இல்ல. வெள்ளையா பிறந்தாதான் என்ன ஆகப்போகுது.

மருந்துக்கடை_அக்கா

வந்துட்டேன். அந்த 200, 300 குழப்பத்துக்கு வரலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2016ல சொன்னது, ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல காஃபின் எடுக்கற கர்ப்பிணிங்க அத குறைச்சுக்கணும், கருச்சிதைவும் எடை குறைஞ்ச குழந்தையும் வர்ற வாய்ப்ப குறைக்கறதுக்கு. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு 2010ல 200க்குள்ள இருந்தா கருச்சிதைவுக்கோ குறைப்பிரசவத்துக்கோ அது பெரிய காரணமா தெரியலன்னு சொன்னாங்க. பிரிட்டன்ல முன்னாடி 300ன்னுதான் வச்சிருந்தாங்க, 2008ல 200 ஆக்கினாங்க, லீட்ஸ் லெஸ்டர் ரெண்டு ஊர்லயும் 2500க்கு மேல கர்ப்பிணிங்கள வச்சு பண்ண ஒரு ஆய்வுல காஃபின் கூடக்கூட குழந்தையோட வளர்ச்சி குறையற வாய்ப்பு கூடறது தெரிஞ்சதால. அந்த ஆய்வுல அந்தப் பெண்களுக்கு காஃபின் எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தா பாதிக்கு மேல டீல இருந்துதான், காபி ரொம்ப பின்னாடி. காபிதான் வில்லன், டீ சாதுன்னு நினைக்கறவங்களுக்காக சொல்றேன். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2015ல 200தான் சொன்னாங்க. அதனால 200ன்னே மனசுல வச்சுக்கோங்க, டீ மட்டும் இல்ல, காபி, கோலா, சாக்லேட் எல்லாம் சேர்த்து.

இப்போ உங்க கப்புல எவ்வளவு? ஐரோப்பாக்காரங்க கணக்குல 220 மில்லி டீக்கு சுமார் 50 மில்லிகிராம். பிரிட்டன்ல ஒரு மக்குக்கு 75ங்கறாங்க. ரெண்டுமே பொய் இல்ல, டீ போடற விதம் அப்படி. அதனால நான் சொல்றது, கப்ப எண்ணாதீங்க, ஸ்பூன எண்ணுங்க. காய்ஞ்ச தேயிலைல நூத்துக்கு 2ல இருந்து 4 பங்கு வரைக்கும் காஃபின் இருக்கும். தலை தட்டின ஒரு டீஸ்பூன் தூள் சுமாரா 2 கிராம் வரும், நைஸ் தூளா இருந்தா இன்னும் கொஞ்சம் கூட. அப்போ ஒரு ஸ்பூனுக்கு 40ல இருந்து 80 மில்லிகிராம். நீங்க கொதிக்க வச்சு போடறவங்க, கொதிக்க வச்சா தூள்ல இருக்கறது கிட்டத்தட்ட மொத்தமும் இறங்கிடும், பால் எவ்வளவு ஊத்தினாலும் இறங்கினது இறங்கினதுதான், நிறம் வெளுக்கும், காஃபின் அப்படியே இருக்கும். கோபுரமா ஒரு ஸ்பூன் போட்டு நாலு தடவை குடிச்சா 200 தாண்டிடும், 300 கூட தொடலாம். தலை தட்டி அரை ஸ்பூன் போட்டு நாலு தடவை குடிச்சா மேல் கணக்கே வச்சாலும் 160. வீட்ல எல்லாருக்கும் ஒண்ணா போட்டா மொத்த ஸ்பூன எத்தன பேரோ அதால வகுத்துக்கோங்க.

டீ பேக் போட்டு முதல் அரை நிமிஷ தண்ணிய கொட்டிட்டா காஃபின் போயிடும்னு ஒரு டிப் சுத்திக்கிட்டு இருக்கு, நம்பாதீங்க, அதுல கொஞ்சம்தான் போகும், மீதி உள்ளதான் இருக்கும். பேக்க நிமிஷக்கணக்குல ஊறப் போடாம சீக்கிரம் எடுத்தா ஓரளவு குறையும், அது உண்மை.

எல்லாரும் மறக்கற ஒண்ணு, தலைவலி மாத்திரை. சில பாரசிட்டமால் மாத்திரைல காஃபினும் சேர்த்தே வச்சிருப்பாங்க, ஒரு மாத்திரைக்கு 65 மில்லிகிராம் மாதிரி. ரெண்டு போட்டா உங்க நாள் கோட்டால பாதிக்கு மேல அதுலயே போச்சு. கர்ப்பிணின்னு கடைல சொல்லிட்டு, காஃபின் இல்லாததா கேட்டு வாங்குங்க, அதுவும் டாக்டர் ஓகே சொன்னா.

சும்மா_ஒரு_டவுட்

இவ்வளவு கணக்கு தேவையா? 2020ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சே, கர்ப்பத்துல காஃபினுக்கு பாதுகாப்பான அளவே கிடையாதுன்னு, நியூஸ்ல எல்லாம் போட்டாங்க. அப்புறம் எதுக்கு 200ன்னு ஒரு நம்பர சொல்லி நம்ம தைரியப்படுத்தறீங்க, ஒரேயடியா வேண்டாம்னு சொல்லிடலாமே. குழந்தை விஷயத்துல ரிஸ்க் எதுக்கு எடுக்கணும். இன்னொரு பக்கம் எங்க பெரியம்மா நாள் பூரா டீலயே வாழ்ந்தாங்க, நாலு பிள்ளைங்க, எல்லாம் தடிமாடு மாதிரி இருக்காங்க. எத நம்பறதுன்னே தெரியல.

மருந்துக்கடை_அக்கா

நல்ல கேள்வி, கோபத்தோட கேட்டாலும் 😊

நீங்க சொல்றது அதுக்கு முன்னாடி வந்த ஆய்வுகள எல்லாம் சேர்த்து படிச்சு ஒருத்தர் எழுதின தொகுப்பு, புதுசா யாரையும் வச்சு பரிசோதிக்கல. அவர் முடிவு அப்படித்தான் இருந்துச்சு, ஆனா அத படிச்ச மத்த நிபுணர்கள் நிறைய பேர் இந்த ஆதாரத்த வச்சு அவ்வளவு தூரம் போக முடியாதுன்னு சொன்னாங்க. பிரிட்டன்ல இன்னைக்கும் அந்த 200தான்.

ஏன் போக முடியாதுன்னா, கர்ப்பிணிங்கள ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு தினம் காஃபின் குடுத்து என்ன ஆகுதுன்னு பாக்க பொதுவா டாக்டருங்க ஒத்துக்க மாட்டாங்க. அதனால பெரும்பாலும் குடிக்கறவங்களையும் குடிக்காதவங்களையும் பக்கத்துல இருந்து கவனிச்சு ஒப்பிடறாங்க. அதுல ஒரு சிக்கல் இருக்கு, அத டீ_பைத்தியமே தன் முதல் வரில எழுதிட்டாங்க பாருங்க: மசக்கைல டீ வாசனையே ஆகாதுன்னு. கர்ப்பம் நல்லா ஊன்றி ஹார்மோன் ஏறும்போதுதான் பொதுவா குமட்டல் வருது, குமட்டல் வந்தா டீயும் காபியும் தானா குறைஞ்சுடும். கரு சரியா நிலைக்காத சிலருக்கு குமட்டலே இருக்காது, அவங்க பாட்டுக்கு வழக்கம் போல குடிச்சுட்டு இருப்பாங்க. அப்புறம் கணக்கெடுத்தா டீ குடிச்சவங்களுக்கு கருச்சிதைவு அதிகம்னு வரும், டீயால கலைஞ்சுதா, கலையப் போறதால டீ குறையலையான்னு பிரிச்சு சொல்றது கஷ்டம். சிகரெட்டும் அப்படித்தான், நிறைய காபி குடிக்கறவங்கள்ல புகைக்கறவங்களும் அதிகமா இருப்பாங்க, அத எவ்வளவு கழிச்சாலும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும்.

அதுக்காக காஃபின் ஒண்ணும் பண்ணாதுன்னும் இல்ல. அது நஞ்சுக்கொடிய தாண்டி நேரா குழந்தைக்கு போகுது, இதுல சந்தேகமே இல்ல. நம்ம லிவர்ல காஃபின உடைக்கற ஒரு நொதி இருக்கு, வயித்துல இருக்கற குழந்தைக்கு அது கிட்டத்தட்ட இல்ல. அதுக்கும் சேர்த்து அம்மா உடம்புதான் கழிக்கணும், ஆனா அம்மாவோட வேகமும் மாசம் ஏற ஏற குறையுது. சாதாரணமா குடிச்ச காஃபின்ல பாதி கழிய 5 மணி நேரம் கிட்ட ஆகும்னா கடைசி மாசங்கள்ல 15 மணி நேரம், அதுக்கு மேலயும் ஆகலாம். அதாவது ஒன்பதாவது மாசத்துல சாயங்காலம் குடிச்ச டீல பாதி மறுநாள் காலைலயும் ரத்தத்துல இருக்கும், அது மேல காலை டீ வேற. அதனாலதான் முதல் மாசத்துல தாங்கின அதே நாலு டீ கடைசில படபடப்பு, தூக்கமின்மைன்னு காட்டும். எட்டு மாசத்துல எனக்கு ராத்திரி தூக்கமே இல்லன்னு சொல்றவங்க மத்தியானத்துக்கு அப்புறம் குடிக்கற டீய கட் பண்ணி பாருங்க.

அதனால 200ங்கறது தாண்டினா ஆபத்து, கீழ இருந்தா முழு சேஃப்னு கிழிச்ச கோடு இல்ல, காஃபின் கூடக்கூட குழந்தையோட எடை குறையற வாய்ப்பு கூடுதுன்னு சொல்றதுக்கு ஒரு நடைமுறை நிறுத்தம். டீ இல்லாமலே இருக்க முடியும்னா இருங்க, நஷ்டம் ஒண்ணும் இல்ல. முடியலைன்னா ஒண்ணு ரெண்டு அளவான கப்புக்காக குற்ற உணர்ச்சில ராத்திரி முழிச்சுக்கிட்டு இருக்க வேண்டாம்னு நான் சொல்வேன். பெரியம்மாவுக்கு நாலும் நல்லா பிறந்தது சந்தோஷம், ஆனா ஒரு வீட்டு கணக்க வச்சு எதையும் சொல்ல முடியாது, கெட்டது நடந்த வீடுகள்ல யாரும் அத பெருமையா பேச மாட்டாங்கல்ல.

பச்சை_இலை

டீக்கு பதிலா மூலிகை டீக்கு மாறிடுங்க தோழி, காஃபினே கிடையாது, எல்லாம் இயற்கை. நான் கர்ப்பமா இருக்கும்போது கிரீன் டீ, செம்பருத்தி டீ, அதிமதுரம் டீன்னு மாத்தி மாத்தி குடிச்சேன். மோஷன் டைட்டா இருந்தா டீடாக்ஸ் டீ கூட கிடைக்குது, வயிறு சுத்தமாயிடும்.

மருந்துக்கடை_அக்கா

தோழி, உங்க நல்ல மனசு புரியுது, ஆனா இந்த லிஸ்ட்ட படிச்சுட்டு யாராவது நாளைக்கே ஆரம்பிச்சுடுவாங்களோன்னுதான் உடனே எழுதறேன்.

டீடாக்ஸ் டீ, ஸ்லிம்மிங் டீ எதுவும் வேண்டவே வேண்டாம். நிறைய பாக்கெட்ல நிலாவரை இருக்கும், சென்னான்னு எழுதிருப்பாங்க, அது பேதி மருந்து. மலச்சிக்கலுக்கு கர்ப்பிணிக்கு என்ன குடுக்கணும்னு டாக்டர் அளவு பாத்து குடுப்பாங்க, டீ பேக்ல எவ்வளவு இறங்குதுன்னு யாருக்கு தெரியும்.

அதிமதுரம் இன்னொண்ணு. அதுல இருக்கற கிளைசிரைசின் உடம்புல உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்கும், பொட்டாசியத்த குறைக்கும், பிபி ஏத்தும். கர்ப்பத்துல பிபி ஏறினா எங்க போய் நிக்கும்னு எல்லாருக்கும் தெரியும். பின்லாந்துல இத பத்தி நிறைய ஆய்வு பண்ணிருக்காங்க, அங்க கர்ப்பிணிங்களுக்கு அதிமதுரம் வேண்டாம்னே சொல்றாங்க. இருமலுக்கு ஒரு நாள் ஒரு துண்டு மென்னத பத்தி பேசல, தினம் டீயா குடிக்கறத சொல்றேன்.

செம்பருத்திக்கு கர்ப்பத்துல பாதுகாப்புன்னு சொல்ல போதுமான ஆதாரம் இல்ல, மாதவிடாய தூண்டறதுக்குன்னு பல இடத்துல காலங்காலமா குடுத்து வந்த பொருள், அதனால தள்ளியே வைங்க. ராஸ்பெரி இலை டீ கர்ப்பப்பையோட சம்பந்தப்பட்டதுன்னு கடைசி வாரங்கள்ல குடிக்க சிலர் சொல்வாங்க, இப்போ நாலாவது மாசத்துல கிட்டயே போகாதீங்க. கொம்புச்சா பாட்டில்ல புளிக்க வச்ச டீ, கொஞ்சம் ஆல்கஹாலும் இருக்கும், பாஸ்டரைஸ் பண்ணாததா இருந்தா கிருமி பயமும் உண்டு.

கிரீன் டீல காஃபின் இல்லங்கறது தப்பு. அதுவும் அதே செடிதான், அதே இலைதான், பல சமயம் சாதா டீக்கு சமமாவே இருக்கும். இலையையே அரைச்சு குடிக்கற மாட்சான்னா இன்னும் கூட. மேல கிரீன் டீல இருக்கற ஒரு பொருள் ஃபோலேட் வேலை செய்யற பாதைய தடுக்குதுன்னு லேப்ல பாத்துருக்காங்க, ஒரு கப்புல ஒண்ணும் ஆகாது, ஆனா எடை குறைய நாள் முழுக்க கிரீன் டீ குடிக்கறவங்க குழந்தைக்கு முயற்சி பண்ணும்போதும் முதல் மூணு மாசத்துலயும் அத விடறது நல்லது, குழந்தையோட முதுகுத்தண்டு உருவாக ஃபோலிக் ஆசிட் வேணுங்கற நேரம் அதான். இரும்பையும் கிரீன் டீ தடுக்கும், கறுப்பு டீ அளவுக்கு இல்லைன்னாலும்.

இஞ்சி மட்டும் குமட்டலுக்கு நிஜமா உதவும், ரெண்டு மூணு மெல்லிசான துண்டு வெந்நீர்ல போட்டு குடிக்கலாம். ரத்தம் உறையாம இருக்க மருந்து எடுக்கறவங்க கேட்டுட்டு குடிங்க. புதினாவும் கொஞ்சமா ஓகே, நெஞ்செரிச்சல் இருக்கறவங்களுக்கு மட்டும் அது இன்னும் ஏத்திவிடும். எந்த மூலிகை டீயா இருந்தாலும் ஒரே வகைய நாள் பூரா குடிக்காதீங்க.

ரெண்டு_வாண்டுகள்

டிகாஃப் டீ, அதான் காஃபின நீக்கின டீ, அத பத்தி யாரும் சொல்லலையே. எனக்கு கைகொடுத்தது அதான், பாதி தூள் சாதா பாதி டிகாஃப் கலந்து ஒரு டப்பால போட்டு வச்சுட்டேன். சுத்தமா ஜீரோ இல்ல, கப்புக்கு கொஞ்சூண்டு இருக்குமாம், ஆனா மனசு ஏமாந்துடும். இரும்ப தடுக்கற சமாச்சாரம் மட்டும் டிகாஃப்லயும் இருக்கு, அதனால மாத்திரைக்கு அதே இடைவெளிதான். அப்புறம் சர்க்கரை!! நாலு டீக்கு நாலு தடவை ரெண்டு ஸ்பூன்னா எட்டு ஸ்பூன். எனக்கு ரெண்டாவதுல சுகர் வந்துடுச்சு, காஃபின் பத்தி யோசிச்ச அளவு நான் சர்க்கரைய யோசிக்கல. 24ல இருந்து 28 வாரத்துக்குள்ள குளுக்கோஸ் டெஸ்ட் எடுப்பாங்க, இப்பவே அரை ஸ்பூனுக்கு இறங்கிடுங்க, நாக்கு பழகிடும்.

டீ_பைத்தியம்

எல்லாருக்கும் தேங்க்ஸ் தேங்க்ஸ்! என் மக்கையும் அளந்துட்டேன், 320 🤦‍♀️ அத பேனா ஸ்டாண்டா மாத்தியாச்சு. காலைல எழுந்ததும் எலுமிச்சை தண்ணில அயர்ன், அப்புறம் நிதானமா சாப்பாடு, அது செரிச்ச அப்புறம்தான் முதல் டீ. கால்சியம் ராத்திரிக்கு. வாடை சுத்தமா தெரியல, நல்ல ஐடியா அக்கா.

இன்னும் ரெண்டு கேள்வி, சிரிக்காதீங்க. டீ போடும்போது டப்பாவ திறந்தா அந்த காய்ஞ்ச தூள் வாசனைக்கு வாய் ஊறுது, ஒரு சிட்டிகை எடுத்து அப்படியே மெல்லணும் போல இருக்கு, ரெண்டு மூணு தடவை மென்னும் பாத்தேன், கரகரன்னு நல்லாதான் இருக்கு. இது மசக்கை ஆசைன்னு விட்டுடலாமா? இன்னொண்ணு, குழந்தை பிறந்து பால் குடுக்கும்போது பழைய மாதிரி குடிக்கலாமா, அத நினைச்சுதான் நாள ஓட்டறேன்.

மருந்துக்கடை_அக்கா

சிரிக்கல மா, இத சொன்னது ரொம்ப நல்லது. சாப்பாடு இல்லாத பொருள மெல்லத் தோணறது, ஐஸ்கட்டி, மண், சாக்பீஸ், பச்சை அரிசி, காய்ஞ்ச டீத்தூள், இது இரும்புச்சத்து குறைஞ்சவங்களுக்கு நிறைய வரும். ஆசைன்னு விடாதீங்க, அடுத்த தடவை போகும்போது டாக்டர்கிட்ட இத கண்டிப்பா சொல்லுங்க, ஹீமோகுளோபினோட ஃபெரிட்டினும் பாக்கணுமான்னு கேளுங்க, அது உடம்புல இரும்பு எவ்வளவு சேமிச்சு வச்சிருக்குன்னு காட்டும். இதுல வேடிக்கை என்னன்னா இரும்பு குறையறதால தூள் மெல்லத் தோணுது, தூள் மென்னா இரும்பு இன்னும் உறிஞ்சாது, காஃபினும் மொத்தமா உள்ள போகும். டப்பாவ வேற யாராவது திறந்து டீ போட்டு குடுக்கட்டும். இரும்பு ஏறினா இந்த ஆசை பெரும்பாலும் தானா போயிடும். மூச்சு வாங்கறது, படபடப்பு, கண்ணு இருட்டறதுன்னு எதாவது வந்தா அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காம போயிடுங்க.

பால் குடுக்கும்போது பழைய மாதிரி நாலஞ்சு ஸ்ட்ராங் டீ வேண்டாம், அப்பவும் 200க்குள்ளயே இருங்க. தாய்ப்பால்ல கொஞ்சம்தான் போகும், ஆனா பிறந்த குழந்தைக்கு காஃபின்ல பாதி கழியவே மூணு நாலு நாள் ஆகும், தினம் தினம் சேர்ந்துக்கிட்டே போகும். குறைமாசத்துல பிறந்த குழந்தை மூச்சு விட மறந்தா ஆஸ்பத்திரில காஃபின் சிட்ரேட்டையே மருந்தா குடுக்கறாங்க, அது டாக்டர் கண் முன்னாடி அளந்து குடுக்கறது. வீட்ல பாப்பா காரணமில்லாம சிணுங்கி, தூங்காம, வெடுக் வெடுக்னு முழிச்சா உங்க டீய ரெண்டு மூணு நாள் குறைச்சு பாருங்க. பால்ல காஃபின் உச்சத்துக்கு போறது குடிச்சு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல, அதனால பால் குடுத்து முடிச்ச கையோட டீய குடிச்சுடுங்க. மூணு மாசம் தாண்டினா குழந்தையோட லிவரும் வேலைய கத்துக்கும்.

டீ_பைத்தியம்

சரி அக்கா, தூள் டப்பா மேல் ஷெல்ஃபுக்கு போயாச்சு, எனக்கு எட்டாது. ஃபெரிட்டின் கேட்டுட்டு ரிசல்ட் வந்ததும் இங்கயே போடறேன்.